பன்னிரண்டு பாக்கெட் கட்டுச்சாதம்

இருக்கக்கூடும் என்றுதான் போட்டிருக்கிறார்கள். இருக்கிறது என்று போடவில்லை. கூடும் என்பதற்கும் இருக்கிறது என்பதற்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருக்கிறது, இதோ இந்தப் பஸ்ஸில் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஆசாமி காலை அகட்டி உட்கார்ந்து தூங்குகிறாரே, அவர் மாதிரி நாலு பேர் தாராளமாக உட்காரலாம். காலை எட்டே முக்காலுக்கு, ஒரு கன்னம் ஷேவ் பண்ணி முடித்து மறு கன்னத்தில் சோப்பு இருக்கும்போது வந்தது அந்தச் செய்தி. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும்போது போன் நம்பர் சொல்லுங்க சார் என்று கல்லாவில் இருந்த பெண் கேட்டபோது சொல்லாமல் இருந்திருக்கலாம், பாயிண்ட் சேருமாம், சொல்லித் தொலைத்தேன். அன்புள்ள தண்டபாணி அவர்களே, சனிக்கிழமை எங்கள் கடையில் நீங்கள் வாங்கிய கலவை சாதம் பன்னிரண்டு பாக்கெட்டுகளைத் தயாரிப்பாளர் திரும்பப் பெறுகிறார், லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா கலந்திருக்கக்கூடும், சாப்பிட வேண்டாம், சாப்பிட்டிருந்தால், முக்கியமாகக் கர்ப்பிணிகள், காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்கவும். எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டு என்பதைக்கூட மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை இந்தப் பஸ்ஸில் யாரிடமும் சொல்ல முடியாது, சுலோச்சனா உயிரோடு இருந்தால் அவளிடமும் சொல்லியிருக்க மாட்டேன். என் பெண் வயிற்றில் ஏழு மாசப் பிள்ளை என்று முதலில் தோன்றவில்லை. ஐயோ தெரிந்துவிடுமே என்றுதான் தோன்றியது. பிள்ளை அதற்கப்புறம்தான் வந்தது, இரண்டாவதாக, சோப்பு கன்னத்தில் காய ஆரம்பித்தபிறகு. உடனே தேன்மொழிக்குப் போன் போட்டேன். அவள் எடுத்ததும் சாப்டீங்களாப்பா என்றாள். காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே என்று கேட்டேன். இல்லப்பா, ஏன் என்றாள். சும்மாதான் கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சும்மாவாம். பிறகு முகத்தைக் கழுவி, மறு கன்னத்தை அப்படியே விட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து பஸ் ஏறினேன். இப்போது தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் சொரசொர.

எங்கள் பக்கத்தில் வளைகாப்புக்குப் பெண்ணின் தாய்வீட்டிலிருந்துதான் கட்டுச்சாதம் போகவேண்டும். ஏழு வகை. புளி, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, தக்காளி, கறிவேப்பிலை, தயிர். வளையல் அடுக்கி முடிந்ததும் அந்தச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பெண் அம்மா வீட்டுக்குக் கிளம்புவாள், பிள்ளை பெற்றுக்கொண்டுதான் திரும்புவாள். அம்மாவே இல்லாத வீட்டுக்கு எங்கே கிளம்புவது. சுலோச்சனா போய் இந்த ஆடியோடு இரண்டு வருஷம். சம்மந்தியம்மா விசாலாட்சி தங்கமான மனுஷி, அவரே போன் பண்ணி, தேனு எங்ககூடவே இருக்கட்டும்ண்ணா, சாதமும் நாங்களே பார்த்துக்கறோம், நீங்க வளையலோட வந்தாப் போதும் என்றார். அத்தோடு சரி என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தப் பஸ் இல்லை, இந்தக் கன்னம் இல்லை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அது தாய்வீட்டு முறை சம்மந்தியம்மா, நானே என் கையால செஞ்சு எடுத்துட்டு வரேன் என்றேன். என் கையால என்பதை இரண்டு தடவை சொன்னேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டிலும் சொல்லியாயிற்று, பால் வாங்கப்போன இடத்திலும் சொல்லியாயிற்று. ஏழு வகையா சார் என்று அவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அறுபத்து மூன்று வயசில் ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு அல்ப ஆசை. ரிட்டயர் ஆனபிறகு யார் வாயைப் பிளக்கிறார்கள் என்னைப் பார்த்து.

அரியமங்கலம் வந்துவிட்டது, குப்பைக் கிடங்கு வாடை வருகிறது, பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள், ஜன்னலோர ஆசாமி தூக்கத்திலேயே பொத்திக்கொள்கிறார். எனக்கு இந்த வாடை பழக்கம். முப்பது வருஷம் சுகாதார ஆய்வாளர். பெரும்பாலும் கொசுப்புழு பார்க்கிறதும் பிறப்பு இறப்பு எழுதுகிறதும்தான், ஆனால் ஹோட்டல் பக்கம் போனால் நான் வேறு ஆள். கல்லாவில் இருக்கிறவன் எழுந்து நிற்பான். சட்டிக்குள் கையை விட்டு முகர்ந்து பார்ப்பேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரெங்கம்மா என்று ஒருத்தி மெஸ் வைத்திருந்தாள், புருஷன் இல்லாதவள், அவள் அண்டாவில் முதல் நாள் சாதம் இருந்ததைப் பார்த்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் தெருவில் கொட்டச் சொன்னேன். கொட்டியது போதாது, யாரும் அள்ளித் தின்றுவிடக்கூடாது என்று பினாயில் ஊற்றச் சொன்னேன். அவள் ஊற்றினாள். ஊற்றும்போது, காலைல நானும் இதைத்தான் சார் சாப்ட்டேன் என்றாள். நான் அவளைப் பார்த்து, உன் பெத்த பொண்ணுக்கு இதைப் போடுவியா என்று கேட்டேன். கேட்டேனா, கேட்டேன். சாப்பிட வந்த ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். என் பெத்த பொண்ணுக்கு. வேண்டாம், அதை நினைக்காதே, டிரைவர் பிரேக் போடுகிறான், பால்பண்ணை ஸ்டாப்பில் எப்போதும் இந்த நெரிசல்தான், லாரி லாரியாக நிற்கும். அந்த ரெங்கம்மா காலி அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு இப்போது எழுபது இருக்கும். உயிரோடு இருக்கிறாளோ என்னவோ.

சனிக்கிழமை காலை நான் சமைக்கத்தான் செய்தேன். அதில் பொய் இல்லை. புளிக்காய்ச்சல் வைத்தேன், அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு எள்ளு வறுக்கப்போனேன், எள்ளு வெடித்து முகத்தில் அடித்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புளி அடிப்பிடித்துவிட்டது. சாதம் குழைந்துவிட்டது, வடித்த கஞ்சி காலில் கொட்டிவிட்டது. மறுபடி வைத்தேன், அது அரைவேக்காடு. மூன்று மணிக்குச் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து நாலு பாத்திரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சம்மந்தியம்மாவுக்குப் போன் பண்ணி, எனக்கு வரலைம்மா, நீங்களே செஞ்சுடுங்க என்று சொல்ல இரண்டு நிமிஷம் ஆகுமா. அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பயந்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டிக்குள் வரிசையாக அடுக்கியிருந்தது, விசேஷங்களுக்கான பெரிய பாக்கெட், ஆறு வகை. தயிர்சாதம் மட்டும் அதில் இல்லை. தயிர்சாதம் யாருக்கு வராது, அதை நான் பிசைந்துகொள்கிறேன் என்று ஒரு திருப்தி, அப்போது பொய் கொஞ்சம் குறைந்த மாதிரி. வகைக்கு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே எல்லாவற்றையும் கத்தரித்து எவர்சில்வர் தூக்கில் கொட்டினேன். பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகே உண்ணவும். படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் சூடாகச் சாப்பிடுங்கள் என்று மைக் வைத்துச் சொன்னவன் படித்துவிட்டுத்தான் செய்தேன். சூடாக்கினால் எண்ணெய் பிரியும், சாதம் கொழகொழத்துப் போகும், கட்டுச்சாதத்துக்கு அழகே ஆறி உதிரி உதிரியாக இருப்பதுதான், சூடாகக் கட்டுச்சாதம் கொண்டுவந்து வைத்தால் எந்தப் பொம்பளை நம்புவாள். அதனால் சூடாக்கவில்லை. மேலே மட்டும் நல்லெண்ணெயில் கடுகு, வரமிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டினேன், வீட்டு வாசனை வரட்டும் என்று. அது எனக்கு நன்றாக வந்தது. ஆவி பறக்கச் சூடாக்கினால் அந்தக் கிருமி செத்துப்போகுமாம், பஸ் ஸ்டாப்பில் நின்று போனில் தேடிப் படித்தேன். குளிர்பெட்டிக்குள்ளேயே வளருமாம், சூட்டில் சாகுமாம். தாய்க்குச் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் வருமாம், சில சமயம் அதுவும் வராதாம், ஆனால் பிள்ளைக்கு. பிள்ளைக்கு என்று இருந்த வரியை நான் முழுசாகப் படிக்கவில்லை. பாதியில் பஸ் வந்துவிட்டது. பஸ் வராவிட்டாலும் படித்திருக்க மாட்டேன்.

காந்தி மார்க்கெட்டில் கூடையோடு ஏறுகிறார்கள், கொத்தமல்லி, ஈரச் சாக்கு, யாரோ காலை மிதித்துவிட்டுச் சாரி அண்ணே என்கிறார்கள். பரவாயில்லை, மிதிக்கட்டும். வளைகாப்பு அன்றைக்கு என்னவெல்லாம் சொன்னார்கள். பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து, அண்ணா, பொம்பளைங்க தோத்துப்போனோம் போங்க என்று ஒருத்தி, புளிக்காய்ச்சலுக்கு வெந்தயம் வறுத்துப் போட்டீங்களா என்று இன்னொருத்தி. ஆமா ஆமா, கொஞ்சமா என்றேன். கொஞ்சமாவாம். பொய்க்கு அளவு வேறு சொல்கிறேன். சம்மந்தியம்மா மாப்பிள்ளை செழியனைக் கூப்பிட்டு, பாருடா, ஒரு டம்ளர் தண்ணி நீயா எடுத்துக் குடிச்சிருக்கியா, மாமாகிட்டக் கத்துக்கோ என்றார். மாப்பிள்ளை சிரித்தார், நல்ல பையன், இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கோமதியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், மாப்பிள்ளையின் பெரியப்பா மருமகள், கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் ஒன்றும் இல்லை. அவளுக்கும் இரண்டு வளையல் போட்டுத் தேன்மொழி இலையிலிருந்தே ஒரு பிடி எடுத்து ஊட்டச் சொன்னார்கள், அப்படிச் சாப்பிட்டால் வயிறு திறக்குமாம். தேன்மொழி எள்ளு சாதத்தை ஒரு பிடி அவளுக்கு ஊட்டிவிட்டுத் தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். மெல்லவில்லை. வாயில் வைத்தபடியே அழுதாள். கை நிறைய வளையல், கன்னத்தில் சந்தனம், அதன்மேல் கண்ணீர் ஓடுகிறது.  யாரோ, அம்மா ஞாபகம் வந்துடுச்சு பாவம் என்றார்கள். சம்மந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, உங்கம்மா பண்ணின மாதிரியே இருக்கா கண்ணு என்றார். அவள் என்னைப் பார்த்தாள், தலையை மட்டும் ஆட்டினாள். நான் அப்போது என்ன செய்தேன். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நிஜமாகவே எனக்கும் அழுகை வந்தது, அதுதான் கேவலம். எங்கேயோ ஒரு மிஷின் அரைத்த எள்ளுப்பொடியில் என் சுலோச்சனா வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நானே நம்பினேன்.

இனிமேல் என்ன சொல்வது. தேனு, அந்தச் சாதத்துல எள்ளு கொஞ்சம் பழசு போல, எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு நடை காட்டிடும்மா. இது நன்றாக இருக்கிறது. எள்ளு பழசு என்றால் தப்பு மளிகைக்கடைக்காரன் தலையில் போகும், என் கை என் கையாகவே இருக்கும். ஆனால் டாக்டர் என்ன செய்வாள், எள்ளு பழசு என்று வந்தால் எலுமிச்சம்பழ ஜூஸ் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவாள். கிருமி பெயரைச் சொன்னால்தான் ரத்தம் எடுப்பாள், ஊசி போடுவாள். பெயரைச் சொன்னால் பாக்கெட்டைச் சொல்லவேண்டும். வேறு வழி, டாக்டரிடம் நான் தனியாகப் போய்ச் சொல்லிவிடலாமா, அம்மா, நான் ரிட்டயர்ட் ஹெல்த் இன்ஸ்பெக்டர், ஒரு சந்தேகம். அதுவும் ஆகாது, டாக்டர் முதல் வேலையாகத் தேன்மொழியைத்தான் கேட்பாள். சரி, இரண்டு நாள் பார்க்கலாம், காய்ச்சல் வந்தால் சொல்லலாம். பார், பார், என்ன மூளை இது. பெற்ற பெண்ணுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கலாமா என்று கணக்குப் போடுகிறது. வெட்கமாக இருக்கிறது. திருடனுக்குக்கூட இப்படி இருக்காது, அவன் அடுத்தவன் பொருளைத்தான் எடுக்கிறான். அவள் காதோடு சொல்லிவிடலாம், அதுதான் சரி, அவளைத் தனியாக மாடிக்குக் கூப்பிட்டு, தேனு, அப்பா ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன், உன் மாமியாருக்குத் தெரிய வேண்டாம், நாம ரெண்டு பேரும் டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்துடலாம். அவள் காப்பாற்றுவாள். சின்ன வயசில் என் சிகரெட்டை அம்மாவிடமிருந்து காப்பாற்றினவள். தில்லைநகர் தாண்டிவிட்டது. கண்டக்டர், உறையூர் எல்லாம் முன்னாடி வாங்க என்கிறார். தூங்குகிற ஆசாமியும் இங்கேதான் போல, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, என் கன்னத்தைப் பார்த்து, எழுந்திருக்கிறார்.

கோவில் தெரு. வெயில். சம்மந்தி வீட்டு கேட் திறந்துதான் இருக்கிறது. தேன்மொழி கூடத்தில் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கை அசையும்போதெல்லாம் வளையல் சத்தம். என்னப்பா திடீர்னு என்று எழுந்திருக்கப் பார்த்தாள், உட்காரும்மா என்றேன். சம்மந்தியம்மா கொல்லைப்பக்கம் துணி உலர்த்துகிறாராம். மாடிக்கு வா என்று சொல்ல நினைத்தேன், இந்த வயிற்றோடு அவளை எப்படி மாடி ஏறச் சொல்வது. அங்கேயே, முட்டி அளவு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, போனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினேன். சொல்லக்கூட இல்லை, காட்டினேன். அவள் படித்தாள். திரையை மேலே தள்ளி முதலிலிருந்து மறுபடி படித்தாள். கீரைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏழுமாப்பா?"

"தயிர்சாதம் மட்டும் நான்."

"அது புளிச்சுப்போச்சுன்னு அத்தை எடுத்து வச்சுட்டாங்க. யாருமே சாப்பிடலை."

சூடு பண்ணினீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. கை தானாக வயிற்றுமேல் போயிற்று, அங்கேயே இருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, நாம ரெண்டு பேரும் இப்பவே டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்துடலாம், இங்க யாருக்கும் தெரிய வேணாம்மா என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் கொல்லைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கோமதியக்காவுக்கு நாப்பது நாள் தள்ளிப்போயிருக்கு. கரு நிக்கட்டும்னு யாருக்கும் சொல்லலை. என்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க. நான்தான் என் கையால ஊட்டினேன்."

ஆறு வருஷம் என்று எனக்குள் யாரோ சொன்னார்கள். எள்ளு சாதம், ஒரு பிடி.  ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன், வந்தது இதுதான்: "அன்னிக்கு நீ அழுதியே தேனு. அம்மா ருசின்னு நெனச்சு அழுதே. அது கடைப் பாக்கெட்டுன்னு எப்படிச் சொல்றதுன்னுதான்."

"அம்மா ருசியா? அம்மா எள்ளு சாதத்துல வெல்லம் போடுவாங்கப்பா. அது வேற." மூக்கை உறிஞ்சினாள். "அடுப்பு பத்தவைக்கத் தெரியாத மனுஷன் எனக்காக உக்காந்து எள்ளு வறுத்திருக்காரேன்னு அழுதேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வறுத்தேன், முகத்தில் வெடித்தது என்று சொல்லியிருக்கலாம், அது நிஜம்தான்.  அவள் எனக்காக அழுததை, எனக்கே எனக்கென்று கிடைத்ததை, சுலோச்சனா பேரில் எழுதி இரண்டு நாள் ஒளித்து வைத்துக்கொண்டு, இப்போது கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். தேன்மொழி நாற்காலிக் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி ஃபைலை அலமாரியிலிருந்து எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டாள்.

"கோமதியக்கா விஷயத்தை நான் அவங்ககிட்டப் பேசிக்கறேன். சாப்பிட்டவங்க எல்லாருக்கும் நீங்கதான்ப்பா சொல்லணும்" என்றாள். பிறகு கொல்லைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அத்தை, துணியை வச்சுட்டுக் கொஞ்சம் வாங்க. அப்பா ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்காங்க."

வாளி வைக்கிற சத்தம் கேட்டது. வாங்கண்ணா, இப்பத்தான் பக்கத்து வீட்ல உங்க சாதத்தைப் பத்திப் பேசிட்டிருந்தோம் என்று சொல்லிக்கொண்டே ஈரக்கையோடு சம்மந்தியம்மா வந்தார். நான் எழுந்து நின்றேன்.